கல்பேனி: தீவின் பெயர் தாங்கிய ரோந்துக் கப்பலை 1:50 அளவில் கட்டிய அனுபவம்

ஐ.என்.எஸ். கல்பேனி, இந்தியக் கடற்படையின் கார் நிக்கோபார் வகுப்பைச் சேர்ந்த விரைவுத் தாக்குதல் கலம். வகுப்பின் பெயரில் தாக்குதல் இருந்தாலும், கரையோர ரோந்துதான் அதன் அன்றாட வேலை: கடத்தலைத் தடுப்பது, மீன்பிடிப் பகுதிகளைக் கண்காணிப்பது, கடலில் தவிப்பவர்களைத் தேடி மீட்பது. கொல்கத்தாவில் கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளம் கட்டிய பத்துக் கலங்களுள் எண் வரிசையில் ஏழாவதான இது, 2010ஆம் ஆண்டு கடற்படையில் சேர்ந்தது. எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் வைப்பதற்காகவும், பள்ளி விடுமுறை நாள்களில் பிள்ளைகள் குளத்தில் ஓட்டிப் பார்ப்பதற்காகவும் இக்கப்பலை ரேடியோவால் இயங்கும் மாதிரியாகக் கட்டினேன். ஐம்பது மீட்டர்கூட நீளமில்லாத இக்கலத்தைப் பற்றித் தமிழில் வாசிக்கக் கிடைப்பது மிகக் குறைவு என்பதால், கட்டிய விதத்தையும் அதன் பெயர் வந்த வழியையும் சேர்த்தே எழுதுகிறேன்.

விமானந்தாங்கிக் கப்பல்களையும் நாசகாரிக் கப்பல்களையும் விட்டுவிட்டு இச்சிறு கப்பலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர் குமரி மாவட்டத்தின் மேற்கு முனையில், கொல்லங்கோட்டுக்கும் நீரோடிக்கும் இடையே உள்ளது. நீரோடியைத் தாண்டினால் பொழியூர், அதாவது கேரளம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று வரிசையாக உள்ள இந்தக் கடற்கரை ஊர்களின் ஆட்கள் கொச்சியிலிருந்து தூண்டில் படகுகளில் புறப்பட்டு, லட்சத்தீவுக் கடல் வரை சென்று, வாரக்கணக்கில் தங்கிச் சுறாவும் சூரையும் பிடிப்பவர்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வீசியபோது ஆழ்கடலில் இருந்த எங்கள் படகுகளில் சில, காற்றும் நீரோட்டமும் தள்ளிச் சென்ற வழியில் லட்சத்தீவின் பல தீவுகளில் கரையேறின. அத்தீவுகளுள் ஒன்று கல்பேனி. அதே நாள்களில் கொச்சியிலிருந்து தேடுதலுக்குப் புறப்பட்ட கடற்படைக் கப்பல்களிலும் கல்பேனி என்று ஒன்று இருந்தது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அந்தப் பெயர் வந்தபோதெல்லாம், தீவைச் சொல்கிறார்களா கப்பலைச் சொல்கிறார்களா என்று கேட்டவர்கள் எங்கள் தெருவில் பலர். அந்தக் கேள்விக்கு நம் பிள்ளைகள் கையால் தொட்டுப் பார்க்கும்படி ஒரு விடை இருக்க வேண்டும் என்பதே இந்த வேலையின் நோக்கம்.

வெளியிடப்பட்ட அளவுகளின்படி கப்பலின் நீளம் 48.9 மீட்டர், அகலம் 7.5 மீட்டர், நீரில் அமிழும் ஆழம் 2.1 மீட்டர், எடை ஏறத்தாழ 325 டன். ஐம்பதால் வகுத்தால் நீளம் 978 மில்லிமீட்டர், அகலம் 150, அமிழும் ஆழம் 42. எடையை மட்டும் ஐம்பதால் வகுக்கக் கூடாது. கன அளவு மூன்று திசைகளிலும் சுருங்குவதால், ஐம்பதின் மும்மடி, அதாவது 1,25,000ஆல் வகுக்க வேண்டும். அப்போது 2.6 கிலோ கிடைக்கிறது. ஓடும் மாதிரி கட்டுபவருக்கு மற்ற எல்லா அளவுகளையும்விட இந்த 2.6 கிலோதான் கறாரான எல்லை. உடல், மோட்டார், பேட்டரி, மேல்தளம், சாயம் எல்லாம் அதற்குள் அடங்கினால்தான் நீர்க்கோடு சரியான இடத்தில் நிற்கும். குளத்து நீர் கடல்நீரைவிட அடர்த்தி குறைந்தது ஆகையால், அதே எடையில் மாதிரி சுமார் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக அமிழும். அதற்கும் இடம்விட்டே நீர்க்கோட்டைக் குறித்தேன்.

கடற்படைக் கப்பலின் வரைபடம் வெளியாருக்குக் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. எனவே கடற்படை தானே வெளியிட்ட புகைப்படங்களை மட்டும் வைத்துக்கொண்டு வேலை தொடங்கினேன். பக்கவாட்டில், வெகு தொலைவிலிருந்து எடுத்த படங்களையே அளவுக்குப் பயன்படுத்த வேண்டும். அருகிலிருந்து எடுத்த படத்தில் கேமராவுக்குப் பக்கத்தில் உள்ள முனை பெரிதாகவும் எதிர்முனை சிறிதாகவும் விழுந்து கணக்கைக் கெடுத்துவிடும். நல்லதொரு பக்கவாட்டுப் படத்தில் முன்முனை முதல் பின்முனை வரையுள்ள தூரத்தை 978 மில்லிமீட்டர் என்று நிறுத்தி அச்செடுத்தால், கப்பலைச் செலுத்தும் அறையான பாலத்தின் உயரம், ஆண்டெனாக் கம்பத்தின் இடம், பீரங்கி நிற்கும் இடம் எல்லாவற்றையும் அளவுகோலை வைத்து நேராக அளந்துகொள்ளலாம். நீருக்குக் கீழே உள்ள வடிவம் எந்தப் படத்திலும் தெரியாது. அதை இத்தகைய வேகக் கப்பல்களுக்குரிய பொது இலக்கணப்படி, முன்பக்கம் கூர்மையான 'வி' வடிவமாகவும் பின்பக்கம் போகப்போகத் தட்டையாகவும் நானே வரைந்தேன். ஆகவே நீர்க்கோட்டுக்கு மேலே உள்ளது கல்பேனியின் சாயல், கீழே உள்ளது என் கணிப்பு. படிப்பகத்தில் வைத்திருக்கும் விளக்க அட்டையிலும் இதை எழுதியிருக்கிறேன்.

உடலுக்கு பைபரைத் தவிர வேறு எதையும் நான் யோசிக்கவில்லை. பைபர் வள்ளம் கட்டுவதும் ஒட்டுப்போடுவதும் எங்கள் கரையில் அன்றாடத் தொழில். கண்ணாடியிழை விரிப்பான மேட், அதை நனைத்து இறுகவைக்கும் பிசினான ரெசின், வெளிப்பூச்சான ஜெல்கோட் எல்லாம் அரை கிலோ கணக்கில்கூடக் கிடைக்கும். முதலில் 3 மில்லிமீட்டர் பிளைவுட்டில் குறுக்குச் சட்டங்களை அறுத்து, நடுப்பலகை ஒன்றின்மேல் தலைகீழாக நிறுத்தி, மட்டி மரத்தின் மெல்லிய பட்டிகளை அவற்றின்மேல் ஒட்டி, புட்டி பூசித் தேய்த்து ஒரு கரு செய்தேன். தெர்மோகோலில் கரு செய்தால் எளிதாயிற்றே என்று சிலர் கேட்டார்கள். பாலியெஸ்டர் ரெசின் பட்டதும் தெர்மோகோல் கரைந்து குழியாகிவிடும். கருவை எவ்வளவு வழவழப்பாகத் தேய்க்கிறோமோ அவ்வளவு வழவழப்பாகவே அச்சும், அச்சிலிருந்து எடுக்கும் உடலும் அமையும் என்பதால் நேரத்தின் பெரும்பகுதி இங்கேதான் சென்றது. விளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்து, கருவின் பக்கவாட்டில் ஒளி ஓடும் கோட்டைப் பார்த்தால் மேடு பள்ளம் உடனே தெரியும். உள்ளங்கையால் முன்னிருந்து பின்னாக ஒருமுறை தடவினால் கண்ணுக்குத் தப்பியதும் அகப்படும்.

கருவின்மேல் மெழுகு தடவி மெருகேற்றி, அதன்மேல் வார்ப்பு ஒட்டாமல் கழன்று வர உதவும் பிரிபடலம் பூசி, ஜெல்கோட் அடித்து, நான்கு அடுக்கு மேட் போட்டுக் கனமான அச்சு எடுத்தேன். அந்த அச்சுக்குள் 300 கிராம் மேட்டில் இரண்டே அடுக்கு போட்டு உடலை வார்த்தேன். உடலின் பரப்பு சுமார் 0.2 சதுர மீட்டர். ஆகவே இரண்டு அடுக்குக்கு மேட் 120 கிராம், அதை நனைக்க அதன் இரண்டரை மடங்கு ரெசின் 300 கிராம், மொத்தம் 420 கிராம். ரோலரால் அழுத்திக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றி, மிகுதி ரெசினை ஒற்றி எடுத்தால்தான் இக்கணக்கு நிற்கும். நனைந்த மேட் வெண்மை மாறிக் கண்ணாடிபோல் தெளிந்துவிட்டால் போதும். அதற்குமேல் ஊற்றும் ரெசினால் எடை கூடுமே அன்றி வலு கூடாது.

வள்ளம் ஒட்டும் அண்ணன் ஒருவர் இந்தக் கட்டத்தில் உடனிருந்தார். ரெசின் டப்பாவைத் திறந்ததும் அவர் முதலில் சொன்னது இதுதான்: "கோபால்ட்ட மொதல்ல ரெசின்ல நல்லாக் கலக்கணும் மக்கா. அது கலந்த பொறவுதான் கேட்டலிஸ்ட்டு. ரெண்டையும் நேருக்கு நேரா ஒரே பாத்திரத்துல ஊத்துனா தீ பத்தும்." அவர் சொன்னது முற்றிலும் சரி. ரெசினை இறுகவைக்கச் சேர்க்கும் கோபால்ட் ஆக்சிலரேட்டரும் எம்.இ.கே.பி. எனப்படும் கேட்டலிஸ்ட்டும் நேரடியாகச் சேர்ந்தால் சூடேறி வெடிக்கவும் கூடும். இரண்டு பாட்டில்களையும் வெவ்வேறு இடங்களில் வைப்பதும், ஒன்றை அளந்த கரண்டியை மற்றதற்குப் பயன்படுத்தாமல் இருப்பதும் கட்டாயம். கேட்டலிஸ்ட், ரெசினின் எடையில் ஒன்று முதல் இரண்டு சதவிகிதம் போதும். நல்ல வெயிலில் குறைவாகவும், குளிர்ந்த காலையில் சற்றுக் கூடுதலாகவும் சேர்க்க வேண்டும். இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழைக் காலத்து ஈரக்காற்றில் மேல்பரப்பு பிசுபிசுப்பு மாறாமலே கிடக்கும் என்பதால், அக்காலத்தில் வார்ப்பு வேலையைத் தொடவே வேண்டாம் என்பது அவருடைய இரண்டாவது அறிவுரை. உடலை அச்சிலிருந்து எடுக்கும்போது ஓரத்தில் மரத்தாலான சிறு ஆப்புகளை மெல்லத் தட்டி, இடுக்கில் தண்ணீர் ஊற்றினோம். பிரிபடலம் நீரில் கரைந்து, உடல் தானாகக் கழன்று வந்தது.

இனி இக்கப்பலின் உயிர்நாடி. கார் நிக்கோபார் வகுப்புக் கலங்களில் வெளியே சுழலும் விசிறியும் இல்லை, சுக்கானும் இல்லை. எம்.டி.யூ. நிறுவனத்தின் மூன்று டீசல் எஞ்சின்கள் மூன்று வாட்டர்ஜெட்டுகளை இயக்குகின்றன. கப்பலின் அடிப்பக்கத்துத் துவாரம் வழியாக உள்ளே இழுக்கப்படும் நீரை, குழாய்க்குள் சுழலும் இம்பெல்லர் என்ற இதழ்ச் சக்கரம் அழுத்தம் கொடுத்துப் பின்பக்கத்து மூக்கின் வழியே பீய்ச்சுகிறது. பீய்ச்சும் மூக்கை இடமும் வலமும் திருப்பினால் கப்பல் திரும்பும். பின்னால் ஒரு மூடி இறங்கி நீரை முன்னோக்கித் திருப்பினால் கப்பல் பின்வாங்கும். சுமார் 35 நாட் (மணிக்குச் சுமார் 65 கிலோமீட்டர்) வேகத்தில் ஓடவும், அதே சமயம் கரையை ஒட்டிய ஆழமற்ற நீரில் அடிபடாமல் நுழையவும் இவ்வமைப்பே வழிசெய்கிறது. தாழ்ந்த வேகத்தில் விசிறியைவிட வாட்டர்ஜெட் எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்கும். விரட்டிப் பிடிக்க வேண்டிய கப்பலுக்கு அந்தச் செலவு தகும் என்பதே வடிவமைத்தவர்களின் முடிவாக இருந்திருக்க வேண்டும்.

இங்கேதான் பெயருக்கும் கட்டுமானத்துக்கும் உள்ள பொருத்தம் எனக்கு மிகவும் பிடித்தது. கல்பேனித் தீவு ஒரு பவளத் திட்டின் கிழக்கு விளிம்பில் நீண்டு கிடக்கிறது. மேற்கே இருப்பது அகன்ற, ஆழமற்ற காயல். அதைச் சூழ்ந்து பவளப்பாறை. விசிறியும் சுக்கானும் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய கப்பலுக்கு இத்தகைய நீர் ஆகாது. இரண்டு மீட்டர் ஆழமே அமிழ்ந்து, வழவழப்பான அடிப்பாகம் கொண்ட கலம், பாறைகளும் மணல்திட்டுகளும் நிறைந்த கரைகளை நெருங்கிச் செல்ல ஏற்றது. இத்தகைய கலங்களுக்குத் தீவுகளின் பெயர் சூட்டும் வழக்கம் ஆழ்ந்து யோசித்தே வந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

மாதிரிக்கு 28 மில்லிமீட்டர் அளவுள்ள சிறு வாட்டர்ஜெட்டுகள் மூன்றை வாங்கினேன். 150 மில்லிமீட்டர் அகலத்துக்குள் மூன்றையும் அருகருகே பொருத்த முடிந்தது. அடிப்பக்கத்தில் நீள்வட்டத் துவாரங்கள் வெட்டி, ஜெட்டின் உள்வாயை உடலோடு ஒட்டியபின், ஒட்டிய விளிம்பைச் சிறிதும் படி இல்லாமல் தேய்த்துச் சமன் செய்ய வேண்டும். துவாரத்துக்கு முன்னால் ஒரு மில்லிமீட்டர் மேடு இருந்தாலும் நீர் அங்கே கலைந்து, காற்றையும் இழுத்துக்கொண்டு உள்ளே போகும். இம்பெல்லருக்கும் குழாய்க்கும் இடையே மெல்லிய காகிதம் நுழையும் அளவுக்கு மேல் இடைவெளி இருந்தால் அழுத்தம் பின்னோக்கிக் கசிந்துவிடும். பக்கத்து இரண்டு மூக்குகளையும் ஒரே கம்பியால் இணைத்து, ரேடியோ கட்டளைப்படி திருப்பும் சிறு மோட்டாரான ஒரு செர்வோவுக்குக் கொடுத்து, நடு ஜெட்டை அசையாமல் விட்டேன். இது என் மாதிரிக்கு நான் செய்துகொண்ட ஏற்பாடு.

எடைக்கணக்கு இப்படி அமைந்தது: உடல் 420 கிராம், மேல்தளமும் கட்டடமும் 250, மூன்று ஜெட்டும் மோட்டாரும் 600, பேட்டரி 400, வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகள் 200, செர்வோவும் ரிசீவரும் இதரமும் 120. கூட்டினால் 1,990 கிராம். மிச்சமுள்ள 600 கிராமைத் தூண்டிலுக்குக் கட்டும் ஈயக்கட்டிகளால் நிரப்பினேன். எடை குறைவாகக் கட்டி ஈயத்தால் நிரப்புவது எப்போதும் நல்லது. ஈயத்தை அடியில், வேண்டிய இடத்தில் வைத்து, மாதிரி ஒரு பக்கம் சாயாமல் நிற்கும்படி செய்யலாம்.

முதல் ஓட்டத்துக்கு ஊருக்குக் கிழக்கே உள்ள குளத்துக்குச் சென்றோம். தண்ணீரில் விட்டதும் நீர்க்கோட்டில் அழகாக நின்றது. ஆனால் விசையைக் கூட்டியபோது மோட்டார் கீச்சென்று கத்தியதே ஒழிய மாதிரி நகரவில்லை. மூக்கிலிருந்து நீருக்குப் பதிலாகக் காற்றும் நுரையும் வந்தன. வாட்டர்ஜெட் வேலை தொடங்க, நிற்கும் நிலையிலேயே இம்பெல்லரின் பாதியாவது நீருக்குள் இருக்க வேண்டும். பேட்டரியும் ஈயமும் நடுவில் இருந்ததால் பின்முனை ஓரிரு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு இருந்தது. பேட்டரியைப் பின்னோக்கி நகர்த்தியதும் ஜெட் உடனே நீரைப் பிடித்தது. பேட்டரிக்கு அடியில் வெல்க்ரோ பட்டை ஒட்டியிருந்தது இங்கே கைகொடுத்தது. கரையில் உட்கார்ந்தே இடம் மாற்ற முடிந்தது.

எந்த வேகத்தில் ஓட்டினால் உண்மைக் கப்பல்போல் இருக்கும் என்பதற்கும் கணக்கு உண்டு. கப்பல் எழுப்பும் அலைகள் மாதிரியிலும் அதே வடிவில் எழ வேண்டுமானால், வேகத்தை அளவுவிகிதத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஃபுரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் நிறுவினார். இன்றும் கப்பல் மாதிரிகளை நீர்த்தொட்டியில் சோதிப்பவர்கள் அவர் வழியைத்தான் பின்பற்றுகிறார்கள். 35 நாட் என்பது விநாடிக்கு 18 மீட்டர். ஐம்பதின் வர்க்கமூலம் ஏறத்தாழ 7.07. ஆகவே மாதிரியின் வேகம் விநாடிக்கு 2.5 மீட்டருக்குச் சற்று மேல். குளக்கரையில் பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு கம்புகளை நட்டு, ஒன்றிலிருந்து மற்றதை நான்கு விநாடியில் கடந்தால் சரி என்று வைத்துக்கொண்டோம். அந்த வேகத்தில் முன்பகுதி சற்றே நிமிர்ந்து, இருபுறமும் நீர் தகடுபோல் விரிந்து, பின்னால் மூன்று ஜெட்டுகளின் வெண்ணுரையும் ஒன்றாகச் சேர்ந்து எழுந்தபோது, கடற்படை வெளியிட்ட படங்களில் கண்ட காட்சியே குளத்தில் தெரிந்தது. மோட்டாருக்கு இதைவிட இரண்டு மடங்கு வேகம் தரும் வலு உண்டு. அப்படி ஓட்டினால் நீரில் பட்டும் படாமலும் துள்ளி, கப்பலின் தோற்றமே போய்விடும் என்பதால் ரேடியோவிலேயே உச்ச வரம்பு வைத்திருக்கிறேன்.

ஓட்டும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. கரை நெருங்குகிறது என்று பயந்து விசையைக் குறைத்தால் திருப்பவும் முடியாது. நீர் பீய்ச்சினால்தான் வாட்டர்ஜெட் கப்பல் திரும்பும். எனவே திரும்பும்போது விசையைக் கொஞ்சம் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது தொல்லை பாசியும் ஆகாயத்தாமரை வேரும். உள்வாயில் குறுக்கே கம்பி வலை வைத்தால் குப்பை தொங்கி அடைக்கிறது. நீளவாக்கில் மெல்லிய எஃகுக் கம்பிகளை மட்டும் வைத்தபோது வேர்கள் வழுக்கிப் பின்னே போய்விட்டன.

மேல்கட்டடத்தை ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி ஒட்டினேன். அதில் சொல்லிக்கொள்ளும்படியான வேலை முன்தளத்துப் பீரங்கி. உண்மைக் கப்பலில் இருப்பது 30 மில்லிமீட்டர் சி.ஆர்.என்.-91 வகைத் தானியங்கிப் பீரங்கி. அதன் குழலுக்கு 18 எண் ஊசியின், அதாவது மருந்துக்கடையில் கிடைக்கும் புதிய ஊசியின் குழாய் 1.2 மில்லிமீட்டர் தடிப்பில் பொருத்தமாக அமைந்தது. கூர்முனையைச் சதுரமாகத் தேய்த்துவிட்டால் வாய்ப்பகுதி குழல்போலவே தெரியும். சாம்பல் சாயத்தில் சிறிது வெள்ளை கலந்து அடித்தேன். சிறிய மாதிரிக்கு உண்மை நிறத்தையே அடித்தால் கண்ணுக்கு அடர்த்தியாகப் படும்.

சாயம் காய்ந்தபின் பக்கவாட்டில் டி75 என்ற எண்ணையும், கடைசியாகப் பெயரையும் ஒட்டினேன். இந்தப் பெயர் வந்த வழியை இனிச் சொல்கிறேன். விரைவுத் தாக்குதல் கலங்களுக்கு நம் தீவுகளின் பெயரை வைப்பது இந்தியக் கடற்படையின் வழக்கம். ஒரு தொகுதிக் கப்பல்களுக்கு ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்களைத் தேர்வதும் இதில் காணப்படுகிறது. முன்னர் வந்த டிரிங்கட், டில்லன்சாங், டராசா, டார்முக்லி எல்லாம் 'டி' வரிசை. 2006இல் வந்த பங்காரம், பித்ரா, பட்டி மால்வ், பாரடாங் 'பி' வரிசை. அவற்றையடுத்து வந்த நம் தொகுதியில் கார் நிக்கோபார், செட்லாட், கோரா திவ், செரியம், கன்கர்சோ என்று முதல் ஐந்தும் 'சி'யில் தொடங்க, கொண்டுல், கல்பேனி முதலான மற்ற ஐந்தும் 'கே'யில் தொடங்குகின்றன. நிக்கோபாரின் தீவும் லட்சத்தீவின் தீவும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நிற்பதைப் பார்க்கும்போது, நாட்டின் இரு புறக் கடல்களும் ஒன்றாகக் கோக்கப்பட்டிருப்பது தெரியும்.

இந்தப் பெயர்கள் கப்பலோடு அழிந்துபோவதில்லை என்பது எனக்கு மிகுந்த மனநிறைவு தந்த செய்தி. பழைய டார்முக்லி 2005இல் செஷல்ஸ் நாட்டுக்கும், டில்லன்சாங் 2006இல் மாலத்தீவுக்கும் கொடுக்கப்பட்டு அங்கே வேறு பெயர் பெற்றன. டராசாவும் பின்னர் செஷல்ஸுக்குச் சென்றது. மூன்று தீவுகளின் பெயரும் 2016, 2017ஆம் ஆண்டுகளில் புதிதாகக் கட்டிய மூன்று கலங்களுக்கு மீண்டும் சூட்டப்பட்டன. கல்பேனிக்கும் ஒருநாள் ஓய்வு வரும்போது அந்தப் பெயர் இன்னொரு கப்பலுக்கு வர வேண்டும் என்பது என் விருப்பம்.

மாதிரிக்கான பீடத்தைக் குலசேகரம் பக்கத்து ரப்பர் மரப் பலகையில் செய்து, அதன் மேற்பரப்பில் கல்பேனித் தீவின் வடிவத்தைச் செதுக்கினேன். கொச்சிக்கு மேற்கே ஏறத்தாழ 285 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இத்தீவு மூன்று சதுர கிலோமீட்டர்கூட இல்லை. அதே பவளத் திட்டில் வடக்கே செரியம் என்ற ஆளில்லாத் தீவும், காயலுக்குள் திலாக்கம், பிட்டி என்ற சிறு திட்டுகளும் உள்ளன. ஆக, ஒரே காயலைச் சூழ்ந்த இரண்டு தீவுகளின் பெயரை ஒரே வகுப்பின் இரண்டு போர்க்கலங்கள் தாங்குகின்றன. கிழக்கு, தென்கிழக்குக் கரைகளில் பவளத் துண்டுகள் பெருங்கரையாகக் குவிந்து கிடக்கின்றன. 1847இல் அடித்த கொடும்புயல் அவற்றைக் கடலிலிருந்து வாரிக் கொட்டியதாகக் கருதப்படுகிறது. ஒக்கியைப் பார்த்த எங்கள் கரைக்கு அந்தப் பவளக் கரையைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. பீடத்தில் அதைக் காட்ட உண்மைப் பவளத்தைப் பயன்படுத்தவில்லை. பவளம் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது, இறந்த துண்டை எடுப்பதும் குற்றம். சமைத்து எறிந்த சிப்பி ஓடுகளைக் கழுவிக் காயவைத்து, அம்மியில் நொறுக்கி, சல்லடையில் சலித்து, பசை தடவிய கிழக்கு விளிம்பில் தூவினேன். சிப்பியின் உட்புற வெண்மை மேலே வந்த இடங்களில் பவளக் குவியலின் வெளிறிய நிறம் நன்றாகவே அமைந்தது.

பீடத்தின் முன்பக்கப் பித்தளைத் தகட்டில் ஒரு தேதியையும் பொறிக்கச் செய்தேன்: 1956 நவம்பர் 1. அன்றுதான் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து எங்கள் விளவங்கோடு உள்ளிட்ட குமரிப் பகுதிகள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதே நாளில், அதுவரை சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தின் பகுதியாக இருந்த கல்பேனியும் அதன் பக்கத்துத் தீவுகளும், தென்கன்னட மாவட்டத்தில் இருந்த செட்லாட் முதலிய அமினித் தீவுகளும் சென்னையை விட்டுப் பிரிந்து ஒரு யூனியன் பிரதேசமாயின. லட்சத்தீவு என்ற பெயர் அதற்கு 1973இல் வந்தது. நாங்கள் உள்ளே வந்த அதே நாளில் கல்பேனி வெளியே சென்றது. ஆனால் எங்கள் படகுகள் செல்லும் கடல் அன்றும் இன்றும் ஒன்றே. எல்லையோரத்துப் பிள்ளைகள் வரைபடத்தைப் பார்க்கும்போது இத்தேதியை மறக்காமல் இருக்க வேண்டும் என்று விரும்பினேன்.

பராமரிப்பைப் பற்றி ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரை உள்வாய் வழியே ஊற்றி மணலைக் கழுவ வேண்டும். தேங்காப்பட்டணம் முகத்துவாரத்து உப்புநீரில் ஓட்டினால் இது கட்டாயம். தண்டு நுழையும் குழாயில் கிரீஸ் தீர்ந்தால் அங்கிருந்துதான் நீர் உள்ளே கசியும், ஆகவே ஒவ்வொரு முறையும் பார்த்து நிரப்ப வேண்டும். லித்தியம் பேட்டரியை முழுச் சார்ஜில் வைத்துப் பூட்டாமல், செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும். மேல்தளத்தைத் திறந்தே உலரவிட வேண்டும்.

வார்ப்பு அச்சு பழுதில்லாமல் பத்திரமாக இருக்கிறது. மழை ஓய்ந்து காற்று உலர்ந்ததும் அதே அச்சில் இரண்டாவது உடலை வார்த்து செரியத்தைக் கட்டப் போகிறேன். எண் டி72 ஆக மாறும். குப்பையைத் தடுக்கும் எஃகுக் கம்பிகளை, ஜெட்டை உடலோடு ஒட்டும் முன்பே உள்வாயில் பதித்துவிடுவேன். பேட்டரித் தட்டைப் பின்பக்கத்திலிருந்தே தொடங்குவேன். செர்வோவைக் கையால் எட்டும்படி மேல்தளத்தின் திறப்பையும் இரண்டு விரலளவு அகலப்படுத்த இருக்கிறேன்.